சென்னையில் சின்னப் படகுக்கு ஏசி: அளவு, தண்ணீர் வழி, மின்சாரம்

சென்னையில் முப்பது, முப்பத்தைந்து அடி படகில் ராத்திரி தங்குகிறவர்களைப் பாடாய்ப் படுத்துவது புழுக்கம். கத்திரி வெயில் நாட்களில் பகல் 40 டிகிரியைத் தொட்டாலும், கடற்காற்று மதியத்துக்குள் எழும்பிவிட்டால் டெக்கில் (படகின் மேல்தளத்தில்) நிழல் கட்டி உட்கார்ந்துவிடலாம். ராத்திரிதான் சிக்கல். பத்து மணிக்கு வெளியே 30 டிகிரிதான் இருக்கும். ஆனால் பனிநிலை 25, 26 டிகிரியில் நிற்கும். அந்த அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலிருந்து தண்ணீர் துளிர்த்துவிடும் என்று அர்த்தம். மெத்தை நசநசக்கும், அலமாரிக்குள் பூஞ்சணம் ஏறும், படகின் பாய்மரத் துணி வைத்திருக்கும் பையைத் திறந்தால் முடைநாற்றம் வரும். மேற்கேயிருந்து கச்சான் வீசி, கடற்காற்று எழும்பாமலே போகிற நாளில் டெக்கின் சூடு நடுராத்திரி வரை கேபினுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இங்கே படகு ஏசியின் முதல் வேலை ஈரத்தை எடுப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எத்தனை பி.டி.யூ. (ஏசியின் குளிரூட்டும் திறனளவு) வாங்குவது, எத்தனை டிகிரியில் வைப்பது, ஃபேன் எப்படி ஓட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும். இன்னொரு பாதி தண்ணீர் வழியில் இருக்கிறது. படகு ஏசி முக்கால்வாசி பிளம்பிங் வேலை. எந்தக் கம்பெனிப் பெட்டி என்று யோசிக்கிற நேரத்தில் பாதியாவது ஹோஸ் எந்த வழியாகப் போகிறது என்று யோசிக்கச் செலவாக வேண்டும். துறைமுகத் தண்ணீரில் நின்றுபோகும் ஏசிகள் பெரும்பாலும் கடல்நீர் வராமல்தான் நின்றுபோகின்றன.

வீட்டு ஏசி போதாதா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. விலையைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும். ஸ்பிளிட் ஏசியின் வெளி யூனிட்டை படகின் பின்பக்கக் கம்பியில் மாட்டலாமா என்று யோசிப்பவர்கள், பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ கடலைப் பார்த்த மாடிகளில் இருக்கும் வெளி யூனிட்டுகளை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்க்கட்டும். அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே பொடியாக உதிரும். கடற்கரைக்கு நூறு மீட்டர் தள்ளி நடப்பது இது. படகில் உப்புத்தண்ணீர் நேரடியாகவே தெறிக்கும்.

குழாய் ஒன்று மட்டும் உள்ள போர்ட்டபிள் ஏசி சென்னைக்கு ஆகவே ஆகாது. கேபினில் குளிர்ந்த காற்றையே எடுத்து, சூட்டை அதில் ஏற்றி வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவு காற்று ஏதாவது இடுக்கு வழியாக வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். அந்தக் காற்று முழுக்க ஈரம். ஒரு கையால் எடுத்த ஈரத்தை மறு கையால் உள்ளே விடுகிற வேலை அது.

ஜன்னல் ஏசியை முன்பக்க ஹேட்சின் (டெக்கில் உள்ள மூடித் திறப்பின்) மேல் பலகைப் பெட்டி கட்டி உட்கார வைப்பவர்கள் உண்டு. கரையில் கட்டியே கிடக்கும் படகுக்கு, மழையில்லாத மாதங்களில், செலவு குறைந்த வழிதான். ஆனால் முன்பக்க ஹேட்ச் என்பது தீப்பிடித்தால் வெளியேறும் வழி. அடுப்பும் எஞ்சினும் வாசல் படிக்குப் பக்கத்திலேயே இருக்கும் படகில் அந்த ஹேட்சை அடைப்பதை எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள முடியாது.

கேஸ் விஷயமும் இருக்கிறது. இப்போது வரும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32, சிலவற்றில் ஆர்-290. இரண்டும் காற்றைவிட கனமானவை. கசிந்தால் பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், போய்த் தேங்கும். ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே தீப்பிடிக்கும். ஆர்-32 மெதுவாகப் பிடிக்கும். பில்ஜ் பம்ப்பின் சுவிட்சும் எஞ்சினின் ஸ்டார்ட்டரும் இருக்கும் இடத்தில் இவை தேங்கக் கூடாது. படகுக்கென்று செய்த யூனிட்டுகளில் பெரும்பாலும் ஆர்-410ஏ அல்லது ஆர்-134ஏ, கம்பெனியிலேயே அடைத்து சீல் செய்து வரும். கசிவு இல்லாவிட்டால் அது குறையாது. "வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியம், ஆர்-410ஏ யூனிட்டில் கையிலிருக்கும் ஆர்-32ஐ ஏற்ற விடவே கூடாது.

மிஞ்சுவது கடல்நீரால் குளிரும் ஒற்றைப்பெட்டி யூனிட். கம்ப்ரஸர், குளிர்க்காயில், கண்டென்ஸர் மூன்றும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கும். கண்டென்ஸர் செம்பு-நிக்கல் குழாய். அதற்குள் கடல்நீர் ஓடி சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேறும். டொமெடிக், வெபாஸ்டோ, ஃப்ரிகோமார், மாப்ரு என்று பல கம்பெனிகள் செய்கின்றன. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் யூனிட்டை விலை குறைவு என்று வரவழைக்காதீர்கள். நம் 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 115 ஆக்கிவிடலாம், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பெயர்த்தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும்.

அளவு

படகுக்காரர்கள் புழங்கும் கணக்கு எளிது. கேபினின் தரைப் பரப்பைச் சதுர அடியில் அளந்து, டெக்குக்குக் கீழே ஆழமாக இருக்கும் கேபினுக்கு 60, பக்க ஜன்னலும் பாதி உயரமும் வெளியே தெரியும் கேபினுக்கு 90, டெக்குக்கு மேலே சுற்றிலும் கண்ணாடி உள்ள அறைக்கு 120 என்று பெருக்கினால் பி.டி.யூ. கிடைக்கும். வெப்பமண்டலத்தில் எப்போதும் ஒரு படி மேலே எடுக்க வேண்டும். 32 அடி பாய்மரப் படகில் சலூனும் (உட்காரும் நடு அறை) சமையலிடமும் சேர்ந்து 110 சதுர அடி என்றால், 90ஆல் பெருக்கி 9,900. அதாவது 10,000 அல்லது 12,000 பி.டி.யூ. யூனிட். முன்பக்க முக்கோணப் படுக்கை அறை 35 சதுர அடி இருந்தால் தனி 5,000 யூனிட் தாராளம். சலூன் யூனிட்டிலிருந்தே ஒரு டக்ட் (காற்றுக் குழாய்) இழுத்தாலும் பெரும்பாலும் போதும்.

இதற்கு மேலே போய் 16,000 வாங்கிப் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. சென்னை வெயிலுக்குப் பெரிசாகத்தான் இருக்கட்டுமே என்ற நினைப்பு. பெரிய யூனிட் ஐந்தே நிமிடத்தில் கேபினை 24 டிகிரிக்கு இறக்கிவிட்டு நின்றுவிடும். குளிர்க்காயிலில் படிந்த ஈரம் திரண்டு தட்டில் சொட்ட ஆரம்பிக்கவே தொடர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். அதற்குள் கம்ப்ரஸர் நின்று, ஃபேன் மட்டும் ஓடினால், காயிலில் இருந்த தண்ணீர் திரும்பவும் காற்றோடு கலந்து கேபினுக்கே வந்துவிடும். குளிரும், ஆனால் நசநசக்கும். போர்வையும் வேண்டும், வியர்வையும் நிற்காது. சரியான அளவு யூனிட் மே மாத மதியத்தில் நிற்காமலே ஓடும். அது குறை அல்ல. பல படகு ஏசி கண்ட்ரோல்களில் ஃபேன் எப்போதும் ஓடும்படி வைத்தே அனுப்புவார்கள். புரோகிராம் மெனுவுக்குப் போய், கம்ப்ரஸர் நின்றால் ஃபேனும் நிற்கும்படி மாற்றிவிடுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் ராத்திரித் தூக்கத்தில் தெரியும்.

25, 26 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம். 20இல் வைத்தால் டக்டின் வெளிப்பக்கம், கேபின் தடுப்புப் பலகையின் மறுபக்கம், ஏசி போகாத அலமாரியின் உட்சுவர் எல்லாம் பனிநிலைக்குக் கீழே இறங்கி வியர்க்கும். பூஞ்சணத்தை விரட்டத்தான் ஏசி போட்டோம், அது இடம் மாறி வளரும்.

யூனிட் வாங்குவதற்கு முன்னால் நிழலுக்குச் செலவழியுங்கள். டெக்கிலிருந்து இரண்டு அடி உயரத்தில், காற்று ஓடும்படி கட்டிய வெளிர்நிறப் பந்தல்துணி, ஹேட்சுகளுக்கு வெளிப்பக்க மூடி, கேபின் கூரையின் உள்பக்கம் 20 மில்லிமீட்டர் நைட்ரில் ஃபோம் ஷீட். இந்த மூன்றும் இருந்தால் 12,000க்குப் பதில் 10,000 போதும். கண்ணாடி ஹேட்சுக்கு உள்பக்கம் திரை கட்டுவதில் பெரிய பலனில்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு மறைத்து என்ன பயன்?

காற்று வழி

யூனிட்டை சலூன் இருக்கைக்கு அடியில் வைப்பது வழக்கம். எஞ்சின் அறையில் வைக்கவே கூடாது. யூனிட் தான் இருக்கும் பெட்டிக்குள்ளிருந்து காற்றை இழுக்கும். அந்தப் பெட்டிக்கும் பில்ஜுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் டீசல் வாடையும், எஞ்சின் ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் நேராகப் படுக்கைக்கு வரும். இருக்கைப் பெட்டியின் அடிப்பக்கத்தையும் ஒயர் போகும் ஓட்டைகளையும் முழுக்க அடைத்துவிட்டு, கேபின் பக்கம் மட்டும் கிரில் வைக்க வேண்டும்.

12,000 பி.டி.யூ. யூனிட்டுக்கு 6 அங்குல டக்ட். காற்று வெளிவரும் கிரில்கள் எல்லாம் சேர்ந்து 70 சதுர அங்குலம், உள்ளே இழுக்கும் கிரில் 130 சதுர அங்குலம், அதாவது 10க்கு 13 அங்குலத் திறப்பு. இருக்கையின் முகப்பில் இத்தனை பெரிய ஓட்டை போட மனம் வராமல் பாதியாக்கிவிடுகிறவர்கள் அதிகம். பாதியாக்கினால் காயிலில் காற்று குறைந்து ஐஸ் பிடிக்கும். ஐஸ் பிடித்தால் காற்று இன்னும் குறையும். கடைசியில் ஏசி ஓடும், ஒரு துளிக் குளிர் வராது. அப்படி ஆனால் கம்ப்ரஸரை நிறுத்தி ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட விட்டு ஐஸ் கரைந்த பிறகு ஃபில்டரைப் பாருங்கள்.

குளிர்காற்று மேலே, கூரையை ஒட்டி வெளிவர வேண்டும்; இழுக்கும் கிரில் கீழே. இரண்டும் எதிரெதிரே இருந்தால் குளிர்ந்த காற்றே திரும்ப உள்ளே போய், கேபின் சூடாக இருக்கும்போதே தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். டக்டை முழுக்க நீட்டி இழுத்துப் பிடித்த பிறகு மிச்சத்தை வெட்டி எறியுங்கள். சுருங்கிக் கிடக்கும் வளைகுழாய் பாதிக் காற்றைத் தின்றுவிடும். வெற்று டக்ட் வேண்டவே வேண்டாம், நம் ஈரத்துக்கு உறை போட்ட டக்ட்தான்.

தண்ணீர் வழி

வரிசை இதுதான்: ஹல்லுக்கு (படகின் உடலுக்கு) வெளியே உறிஞ்சுவாய், உடனே சீகாக் (கடல்நீரை அடைக்கும் வால்வு), பிறகு ஸ்ட்ரெய்னர் (குப்பை வடிகட்டி), பம்ப், யூனிட், கடைசியில் ஹல்லின் பக்கவாட்டில் வெளியேற்றும் துளை. சீகாக்கிலிருந்து யூனிட் வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில்கூட ஏறி இறங்கக் கூடாது. படகில் பொதுவாகப் போடும் பம்ப் காந்த இணைப்புள்ள சென்ட்ரிஃபியூகல் வகை. தண்ணீர் தானாக வந்து நிரம்பினால்தான் தள்ளும், காற்றை உறிஞ்சித் தண்ணீரை மேலே இழுக்கத் தெரியாது. அதனால் பம்ப் நீர்மட்டத்துக்குக் குறைந்தது 30 செ.மீ. கீழே இருக்க வேண்டும், ஸ்ட்ரெய்னர் பம்ப்பைவிடக் கீழே.

படகு வளைவுகளுக்கு நடுவே ஹோஸ் கொண்டுபோகும்போது ஒரு குறுக்குச் சட்டத்தின் மேலே ஏற்றி அந்தப்பக்கம் இறக்குவது ரொம்ப எளிதாகத் தெரியும். அந்த மேட்டின் உச்சியில் ஒரு கைப்பிடிக் காற்று தங்கும். பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், வெளித்துளையில் சொட்டுத் தண்ணீர் வராது, இரண்டு மூன்று நிமிடத்தில் கண்டென்ஸர் கொதித்து யூனிட் ஹெச்.பி.எஃப். (அழுத்தம் மிகுந்துவிட்டது) என்று காட்டி நின்றுவிடும். மறுபடி போட்டாலும் அதேதான். பம்ப்பின் வெளிப்பக்க ஹோஸ் கிளாம்ப்பைத் தளர்த்தி, காற்று போய்த் தண்ணீர் பீச்சும் வரை விட்டுவிட்டு இறுக்கினால் அப்போதைக்கு ஓடும். அடுத்த பெரிய அலையில் படகு ஆடும்போது மறுபடி காற்று ஏறும். சட்டத்தில் துளை போட்டு ஹோஸை ஊடாகக் கொண்டுபோவதுதான் நிரந்தரத் தீர்வு. அந்தத் துளையின் ஓரத்துக்கு எபாக்ஸி பூச மறக்க வேண்டாம்.

உறிஞ்சுவாயை எஞ்சினுடைய கடல்நீர் வாயோடு பங்கு போடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அது ஏசியின் தண்ணீரை இழுத்துவிடும். முக்கால் அங்குலத் தனி வாய், கீற்றுகள் முன்பக்கம் பார்த்த மூடியோடு, படகின் அடிப்பகுதியில் கீலுக்கு (அடியில் நடுவே நீளும் தண்டுக்கு) அருகில், ஆனால் கீலுக்கு நேர் பின்னால் இல்லாமல். இதற்குப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியாக வேண்டும் என்பதால் அடிப்பெயின்ட் அடிக்கும் சமயத்தோடு சேர்த்துவிடுங்கள்.

சாமான் வாங்கும்போது பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் கிடைக்காத வால்வே இல்லை. ஆனால் மஞ்சளாக மின்னுவதெல்லாம் கடல்நீருக்கு ஆகாது. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் உப்புத்தண்ணீரில் கரைந்து போய், செம்பு மட்டும் பஞ்சுபோல மிஞ்சும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் வால்வு, ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது உடைந்து கையோடு வரும்; உடைந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே அது நடந்தால் படகு போயிற்று. சீகாக் வெண்கலமாக இருக்க வேண்டும், அல்லது படகுக்கென்று செய்யும் கண்ணாடிநார் கலந்த நைலான். கடைக்காரர் வெண்கலம் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் அதை வாங்க வேண்டாம், வரவழைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் கம்பி வளையம் உள்ள தடித்த ரப்பர் வகை. தோட்டத்து பிவிசி ஹோஸ் உறிஞ்சும் பக்கத்தில் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு கிளாம்ப், 316 ஸ்டெயின்லெஸ். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப்போங்கள். பட்டை ஸ்டெயின்லெஸாக இருந்தாலும் திருகாணி மட்டும் மட்டமான இரும்பாக இருப்பது சகஜம். அதில் காந்தம் பளிச்சென்று ஒட்டும். ஒட்டாததெல்லாம் 316 ஆகிவிடாது, 304லும் காந்தம் ஒட்டுவதில்லை. ஆனால் மட்டமானதைக் கழிக்க இது போதும்.

எவ்வளவு தண்ணீர்? ஒரு டன்னுக்கு, அதாவது 12,000 பி.டி.யூ.வுக்கு, நிமிடத்துக்கு 11 லிட்டர். வெளித்துளையை நீர்மட்டத்துக்கு நாலைந்து விரல்கட்டை மேலே வைத்தால் ஓடுகிறதா என்று எப்போதும் கண்ணால் பார்க்கலாம், பக்கெட்டும் பிடிக்கலாம். 10 லிட்டர் பக்கெட் 55 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். பம்ப் அட்டையில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாமல் தள்ளும் அளவு. ஹோஸ், வளைவு, கண்டென்ஸர் எல்லாம் தாண்டியபின் அதில் பாதிகூட வராது. ஆகவே தேவையைப் போல இரண்டரை மடங்கு எழுதியிருக்கும் பம்ப்பை எடுங்கள்.

இனி துறைமுகத் தண்ணீர். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் காலத்திலிருந்தே சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்களுக்குள் பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. சுவருக்குள் தண்ணீர் அமைதியாக இருக்கும், அதே காரணத்தால் குப்பையும் வெளியேறாமல் சுற்றும். பக்கத்தில் காசிமேடு, தெற்கே கூவம் முகத்துவாரம். கனமழை முடிந்த மறுநாள் ஆகாயத்தாமரை வேரும் பிளாஸ்டிக் உறையும் மிதந்து வரும். ஸ்ட்ரெய்னரின் கூடையை வெளியே எடுத்தால், ஷாம்பு பாக்கெட்டின் கிழிசல் வட்டமாக அடியில் படிந்திருக்கும், அதன் மேல் வலைநூல் துணுக்கு, ஒரு நண்டுக்கால், எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு சாம்பல்நிறச் சேறு. ஒரே ஒரு பாக்கெட் துண்டு போதும், தண்ணீர் பாதியாகிவிடும். கண்ணாடிக் கிண்ணம் உள்ள ஸ்ட்ரெய்னரை, இருக்கையைத் தூக்கினால் உடனே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். மூன்று திருகாணி கழற்றிப் பார்க்க வேண்டிய இடத்தில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சொறிமீன் கூட்டம் வரும் நாட்களில் ஏசியை நிறுத்திவிடுவதே நல்லது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் வாயிலேயே அடைத்துக்கொண்டு தொல்லை கொடுக்கும் ஜந்து அது; முக்கால் அங்குல வாய் எம்மாத்திரம். அடைத்துவிட்டால் சீகாக்கை மூடி, ஸ்ட்ரெய்னர் பக்க ஹோஸைக் கழற்றி, கால்மிதி பம்ப்பால் வெளிநோக்கிக் காற்றடித்துக்கொண்டே சீகாக்கைத் திறந்தால் பெரும்பாலும் போய்விடும்.

எண்ணெய்ப் படலம் தெரிந்தால் உடனே சீகாக்கை மூடுங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோதும் இந்தக் கடற்கரை பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கண்டென்ஸர் குழாயின் உள்சுவரில் மெல்லிய எண்ணெய் படிந்தாலே சூடு கைமாறாது. அதன் மேல் சேறு ஒட்டினால் சோப்புத்தண்ணீர் ஓட விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஏசி பிழியும் தண்ணீர்

12,000 யூனிட் சென்னை ஈரத்தில் மணிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுக்கும். ராத்திரி எட்டு மணி நேரத்தில் பதினாறு லிட்டர், ஒரு குடம் நிறைய. இதை பில்ஜில் விடுவது சோம்பேறித்தனம். நல்ல தண்ணீர் தேங்கினால் நாறும், மரத்தை உளுத்துப்போக வைக்கும். வடிகுழாய் எஞ்சின் பில்ஜில் முடிந்தால் யூனிட் அந்த வழியாகவே புகையையும் இழுக்கும். மூடியோடு கூடிய ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் மிதவை சுவிட்ச் உள்ள 12 வோல்ட் பம்ப், அங்கிருந்து ஹல்லுக்கு வெளியே. யூனிட் தட்டிலிருந்து பெட்டிக்கு இறக்கம் தொடர்ந்து இருக்க வேண்டும். படகு கட்டியிருக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டம் வைத்துப் பார்த்த பிறகு யூனிட்டைத் திருகுங்கள்.

மின்சாரம்

கரை மின்சாரத்தில் 12,000 யூனிட்டும் பம்ப்பும் சேர்ந்து சுமார் 5, 6 ஆம்பியர். கிளம்பும்போது மட்டும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் 30 ஆம்பியர் வரை இழுக்கும். இங்கேதான் எக்ஸ்டென்ஷன் ஒயர் காலை வாரும். 30 மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் அந்த ஒரு நொடியில் 22 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். கோடை ராத்திரியில் படகு கட்டும் மேடையின் பிளக்கில் ஏற்கெனவே 205 வோல்ட் இருந்தால் கம்ப்ரஸருக்குக் கிடைப்பது 180. அது உறுமும், கிளம்பாது, சூடாகி நிற்கும். பத்து நாள் இப்படி நடந்தால் எரியும். 4 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு 9 வோல்ட்தான். இல்லாவிட்டால் கம்ப்ரஸரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்று போடுங்கள், ஜெனரேட்டருக்கும் அது உதவும்.

படகுக்குள் 2.5 சதுர மி.மீ. வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு ஒயர், 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி., மின்கசிவு வந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வெளியே வீட்டு மூன்று முள் பிளக் வேண்டாம். மூடி திருகும் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்தான். எர்த் ஒயரைப் படகின் உலோக பாகங்களோடு சேர்த்திருந்தால் கால்வானிக் ஐசோலேட்டரும் வேண்டும், இல்லாவிட்டால் மேடையில் எல்லோருடைய படகுக்கும், அரிப்பைத் தாங்க அடியில் மாட்டிய உங்கள் துத்தநாகத் துண்டுதான் தீனி. மேடையில் லைனும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா, எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை ஒவ்வொரு புது இடத்திலும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.

மிதவையிலோ நங்கூரத்திலோ நிற்பவர்களுக்குக் கணக்கு வேறு. 10,000 பி.டி.யூ. டிசி யூனிட் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் 50, 60 ஆம்பியர் எடுக்கும். வேகம் குறைந்து ஓடும் ராத்திரியில் சராசரி 25 முதல் 30 என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 200, 240 ஆம்பியர்-மணி. லித்தியம் பாஸ்பேட் பேட்டரி என்றால் 300, ஏ.ஜி.எம். என்றால் 500 ஆம்பியர்-மணி வேண்டும். சின்னப் படகில் ஏற்றக்கூடிய 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் 130 ஆம்பியர்-மணி அளவுக்குக் கொடுக்கும். அதாவது பாதி ராத்திரி. படுக்கை அறையை மட்டும் மூடி 5,000 யூனிட் ஓட்டினால் கணக்கு நேராகும், எங்கள் பரிந்துரையும் அதுதான்.

பெட்ரோல் போர்ட்டபிள் ஜெனரேட்டரை டெக்கில் வைத்து ஏசி ஓட்டிக்கொண்டு கேபினில் தூங்கக் கூடாது. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்குத் தக்கபடி திரும்பும்; மாலையில் பின்பக்கம் போன புகை விடியற்காலையில் ஹேட்ச் வழியாக உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. எந்த ஏற்பாடாக இருந்தாலும் படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தே ஆக வேண்டும்.

முதல்முறை ஓட்டும்போது

சீகாக்கைத் திற, ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார், பம்ப்பை ஓட்டு, வெளித்துளையில் தடையில்லாமல் தண்ணீர் கொட்டுகிறதா பார்: இந்த வரிசையில் போங்கள். இருபது நிமிடம் ஓடியபின் இரண்டு அளவு எடுங்கள். இழுக்கும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 8 முதல் 11 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். ஈரம் மிகுந்த முதல் ஒரு மணி நேரம் குறைவாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். கடல்நீர் 29 டிகிரியில் உள்ளே போனால் 35இல் வெளியே வர வேண்டும், அதாவது சுமார் 6 டிகிரி. இந்த இரண்டையும் சீகாக் மூடியின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். பின்னாளில் தண்ணீர் வித்தியாசம் 9, 10 ஆனால் நீரோட்டம் குறைந்துவிட்டது என்று பொருள்: ஸ்ட்ரெய்னர், உறிஞ்சுவாயில் கொட்டலசு, அல்லது ஹோஸுக்குள் வளர்ந்த சிப்பி. எண்ணூர்ப் பக்கம் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் அந்நியச் சிப்பி போல ஒட்டி வளரும் உயிர்களுக்கு, பயன்படுத்தாமல் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஹோஸ் நல்ல வீடு. படகை வாரக்கணக்கில் விட்டுப் போகும்போது நல்ல தண்ணீர் ஓட விட்டு சீகாக்கை மூடுங்கள்.

கண்டென்ஸரில் சுண்ணாம்பு படிந்தால் சிட்ரிக் ஆசிட் போதும். 10 லிட்டர் நல்ல தண்ணீரில் அரை கிலோ கரைத்து, சின்ன சப்மெர்சிபிள் பம்ப்பால் யூனிட்டின் உள்வாயிலிருந்து வெளிவாய் வழியாக பக்கெட்டுக்கே திரும்பும்படி ஒரு மணி நேரம் சுற்ற விடவும். கம்ப்ரஸர் ஓடக் கூடாது, சீகாக் மூடியிருக்க வேண்டும். நுரை அடங்கினால் வேலை முடிந்தது. பிறகு நல்ல தண்ணீர் பக்கெட் பக்கெட்டாக. பாத்ரூம் ஆசிட்டை நேராக ஊற்றும் குறுக்குவழி குழாயையே அரித்துவிடும்.

கையில் வைத்திருக்க வேண்டிய உதிரி: பம்ப் ஒன்று முழுசாக, ஸ்ட்ரெய்னர் கேஸ்கெட் இரண்டு, 316 கிளாம்ப் பத்து, ஒரு மீட்டர் ஹோஸ், ஃபில்டர் ஒன்று, கம்ப்ரஸர் கபாசிட்டர் ஒன்று. கம்ப்ரஸர் உறுமிவிட்டுக் கிளம்பாமல் நின்றால், வோல்டேஜ் சரியாக இருக்கும் பட்சத்தில், பெரும்பாலும் கபாசிட்டர்தான் போயிருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணையும் வோல்ட் எண்ணையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ரிச்சி தெருவில் காட்டி வாங்கிவிடலாம். கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு முனையையும் காப்பிட்ட கைப்பிடியுள்ள ரெசிஸ்டர் வைத்து இணைத்து, தங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுங்கள்.